கடைக்காரர் பதில்: இன்னும் வரவில்லை

தவிடு அரைபடும் வாடையில்தான் இன்று உன் நினைவு வந்தது. புது கிரைண்டரில் முதன்முதலாகத் தவிட்டையும் தண்ணீரையும் விட்டு ஓட்டினால் ஒரு வாடை எழும்பும். ஈரக் கல்லும் மாட்டுத் தீவனமும் கலந்த மாதிரி. நம் கடையில் ரிப்பேர் வேலை பார்க்கும் யாதகிரி இப்போது ஒவ்வொரு கல்லையும் இப்படி இரண்டு தடவை ஓட்டிக் கழுவித்தான் பெட்டிக்குள் வைக்கிறார். 'நம் கடை' என்று கை தானாக எழுதிவிட்டது. உனக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது. இருந்தாலும் அடித்துத் திருத்தப் போவதில்லை, இருக்கட்டும்.

மல்காஜ்கிரியில் இன்று நல்ல வெயில். கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டாவது போன் கிடக்கிறது. அது யாருடைய போன் என்று ரொம்ப நாள் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

உன்மேல் எனக்கு எப்போதும் பொறாமை. செத்தவளிடம் எதற்கு மறைப்பு? ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் குக்கர் கேஸ்கெட்டும் இட்லித் தட்டும் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய காலம். கல்யாணமாகி இந்தத் தெலுங்கு ஊருக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நீ கதவைத் திறந்து பையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். எதுவும் வாங்கவில்லை. "எதிர் வரிசையில மூணாவது வீடு. குக்கர் ரெண்டு நாளா சீறிண்டே இருக்கு. நான் அனுப்பினேன்னு சொல்லு" என்றாய். நான் போய் உன் பெயரைச் சொன்னேன். விலைகூடக் கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் பை காலி.

எனக்கு அன்றே வயிறு எரிந்தது. நான் தொண்டை வறளப் பேசி விற்காததை நீ வாசலில் நின்றபடி விற்றுவிட்டாய். உன்னை எதற்கு நம்பினார்கள்? நீ யாருக்கும் எதையும் விற்கவில்லை என்பதனால்தான். இது எனக்குப் புரிய இத்தனை வருஷம் ஆனது.

பிறகு நீ லோத்குண்டாவில் பிளாட் வாங்கிப் போனாய், நான் கடை போட்டேன். உன் மகள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு உனக்கென்று ஒரு ஃபோரம் அமைத்துக் கொடுத்தாள். இந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் பேசிக்கொள்ள ஓர் இடம். எந்த டாக்டர் நல்லவர், எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும், நல்ல அப்பளம் எங்கே கிடைக்கும், எந்தக் கடைக்காரன் ஏமாற்றுகிறான். ஆயிரக்கணக்கில் பேர் சேர்ந்தார்கள். நானும் என் பங்குக்கு ஒரு வெப்சைட் தொடங்கினேன். கிரைண்டர், மிக்ஸி, உதிரி பாகம், வீட்டுக்கே டெலிவரி. உன் ஃபோரத்தில் எவளாவது "கிரைண்டர் எங்கே வாங்கலாம்?" என்று கேட்டால் நாலு பேர் என் கடைப் பெயரைச் சொன்னார்கள். அப்போதெல்லாம் உன் ஃபோரம் உலகத்திலேயே உத்தமமான இடமாக எனக்குத் தெரிந்தது.

சென்ட்ரல் கவர்ன்மெண்ட் ஆபீஸில் காலமெல்லாம் கோப்பில் குறிப்பு எழுதிய கை உன்னுடையது. அதே மாதிரி ஃபோரத்துக்கும் விதி போட்டாய். யார் எழுதினாலும் சொந்தப் பெயரில் எழுத வேண்டும். கடைக்காரர் தன் பெயரில் ஒரே ஒரு பதில் போடலாம். எதை நீக்குவதானாலும் எழுதியவருக்கு முதலில் போன் செய்ய வேண்டும். மூன்று நாள் கூப்பிட்டும் அவர் பேசவில்லை என்றால் அது அப்படியே இருக்கட்டும். நீக்கினால் காரணம் எழுதிக் கீழே பெயர் போட வேண்டும். "ஆள் இல்லாத நேரம் பார்த்து அவங்க பேச்சை அழிக்கக் கூடாதுடி" என்பாய். நான் சிரித்தேன். வெப்சைட் நடத்துகிற எவனாவது இப்படிப் போன் போட்டுக்கொண்டிருப்பானா?

அப்புறம் ஸ்ருதியின் புகார் வந்தது.

ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். பிறந்து வளர்ந்தது இங்கேதான். என் வெப்சைட்டில் கிரைண்டர் வாங்கி, அன்றைக்கே இட்லிக்கு அரைத்துவிட்டாள். புதுக் கல்லில் முதலில் தவிடு போட்டு ஓட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. மாவெல்லாம் கல் தூள், இட்லி நறநற, மாமியாருக்கு முன்பல்லில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி, பல்லின் போட்டோவையும் போட்டு, என் கடைப் பெயரை மேலே பெரிதாக வைத்திருந்தாள். அதன் கீழே உன் ஃபோரம் தானாகப் போடும் வரி: 'கடைக்காரர் பதில்: இன்னும் வரவில்லை.'

உடனே உனக்குப் போன் போட்டேன்.

"ஏளா, அதைத் தூக்கு மொதல்ல."

"எதை?"

"எதையா? ஊரே படிக்கி. எங்கடைப் பேரப் போட்டு ஒருத்தி கிழிச்சிருக்கா, நீ எதைன்னு கேக்க?"

"அவ எழுதினதுல எதுடி பொய்?"

"பொய்யா நெசமான்னா கேட்டேன்? நீ எனக்குக் கூட்டாளியா, அவளுக்குக் கூட்டாளியா?"

"உனக்குத்தான். அதனாலதான் சொல்றேன், பதில் எழுது. உன் பேர்ல ஒண்ணே ஒண்ணு. இடம் காலியாத்தான் இருக்கு."

"நான் எதுக்கு எழுதணும்? பெட்டிக்குள்ள தாள் வச்சிருக்கேன். தவிடு போட்டு ஓட்டுன்னு அதுல கொட்ட எழுத்துல இருக்கு. படிக்காதது அவ தப்பு."

"எந்த பாஷையில இருக்கு?"

போனை வைத்துவிட்டேன்.

தாள் தமிழில் மட்டும்தான் இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து சரக்கோடு வந்த தாள். தமிழர்களுக்கு விற்கிறோம், தமிழில் தாள், அதில் என்ன குறை என்று நினைத்தேன். இந்த ஊரில் படித்த பிள்ளைகள் தமிழைப் பேசுவார்களே தவிர எழுத்துக் கூட்டத் தெரியாது. உன் மகளுக்குத் தெரியாது, என் மகளுக்கும் தெரியாது. என் மகளிடம் அந்தத் தாளை நீட்டினேன். "கைக்கு மம்மி, எதுக்கு? எனக்கு எங்க படிக்க வரும்?" என்று திருப்பிக் கொடுத்தாள். என் வீட்டிலேயே படிக்க முடியாத தாளைத்தான் பெட்டிக்குப் பெட்டி வைத்திருக்கிறேன். அன்று சாயங்காலமே இது எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் பதில் எழுதவில்லை.

எழுதாமல் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் என் வாயால் சொல்கிறேன். என் வெப்சைட்டிலேயே ஒரு ஃபோரம் திறந்தேன். 'மனம் திறந்து பேசுங்கள்' என்று தலைப்பு. பிடிக்காததையெல்லாம் அழித்தேன். "கேஸ்கெட் எந்த சைஸ் வாங்கணும், போன தடவை வாங்கினது சீக்கிரம் போயிடுச்சு" என்று ஒருத்தி கேட்டாள். 'போயிடுச்சு' என்ற வார்த்தைக்காக அதையும் அழித்தேன். அவள் சைஸைத்தான் கேட்டாள், பாவம். ஒரு மாதத்தில் அங்கே காலை வணக்கம் சொல்கிறவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். உன் ஃபோரத்தில் சண்டை, சிரிப்பு, சமையல், வம்பு எல்லாம் இருந்தது. என்னுடையது ஆள் வராத கல்யாணப் பந்தி. இலை போட்டுத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தேன், உட்காரத்தான் யாரும் இல்லை.

வக்கீலைப் பிடித்தேன். என் வெப்சைட்டின் பெயரையும் கடையின் பெயரையும் உன் ஃபோரத்திலிருந்து நீக்க வேண்டும், இல்லையென்றால் வழக்கு என்று கடிதம். நீ என்ன செய்தாய்? கடிதத்தை அப்படியே ஸ்ருதியின் புகாருக்குக் கீழே ஒட்டி வைத்தாய். 'இது கடைக்காரரின் வக்கீல் அனுப்பியது. கடைக்காரரின் பதில் அல்ல' என்று ஒரு குறிப்பு வேறு. அதன் கீழே அதே வரி, இன்னும் வரவில்லை. அதுவரை எட்டிப் பார்க்காதவர்களும் வந்து படித்தார்கள். "ஹவ், ஆமா, எங்க வீட்லயும் மாவு நறநறன்னுதான் வந்தது" என்று புதிதாக நாலு பேர் முளைத்தார்கள். வக்கீல் கடிதம் அனுப்பிய முட்டாள்தனத்தை என்னோடு வியாபாரம் செய்கிற யார் செய்திருந்தாலும் நானே சிரித்திருப்பேன்.

அதோடு நமக்குள் பேச்சு நின்றது. நான் கல்பனா ஆனேன்.

புது சிம் வாங்கி உன் ஃபோரத்தில் கல்பனா என்று சேர்ந்தேன். 'நான் இந்தக் கடையில் மூன்று கிரைண்டர் வாங்கினேன். மூன்றும் அருமை. புகார் சொல்பவர்களுக்கு அரைக்கத் தெரியவில்லை' என்று எழுதினேன். மறுநாள் மதியம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடும் நேரம், அந்தப் போன் அடித்தது.

"கல்பனா மேடமா? நான் ஃபோரத்துலேர்ந்து பேசறேன்."

உன் குரல். கையில் சாதத்தோடு நின்றேன். என் தூத்துக்குடிப் பேச்சை விழுங்கிவிட்டு, டிவியில் செய்தி வாசிக்கிறவள் மாதிரி, "ஆமாம், சொல்லுங்கள்" என்றேன்.

"உங்க பதிவை நீக்கலாம்னு இருக்கேன். சொல்லிட்டுத்தான் செய்வோம், அது எங்க வழக்கம். ஒரு வீட்டுக்கு எதுக்கு மேடம் மூணு கிரைண்டர்?"

"கூட்டுக் குடும்பம்."

பின்னால் யாதகிரி ரிப்பேருக்கு வந்த கிரைண்டரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்குது, கேக்குது. மூணும் ஒண்ணா ஓடறது போல" என்றாய்.

நீ சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. போனை வைத்திருக்கலாம், இரண்டு பேருமே வைக்கவில்லை.

"அந்தக் கடைக்காரம்மாவை உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"கொஞ்சம்."

"பார்த்தா சொல்லுங்க. படிக்கத் தெரியாத பொண்ணுக்குத் தாள் கொடுத்தது அவ தப்புதான். ஆனா அவ கெட்டவ இல்லை. வறட்டு கௌரவம் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான்."

பதிவை நீக்கினாய். காரணமாக 'எழுதியவரிடம் பேசியாயிற்று' என்று மட்டும் போட்டாய். நான் யார் என்று ஊருக்கு நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் கடையே சிரிப்பாய்ச் சிரித்திருக்கும்.

அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டாய். "கல்பனா மேடம், சும்மாதான். எப்படி இருக்கீங்க?" அதற்கடுத்த வாரமும். செல்வியான என்னோடு பேசாத நீ கல்பனாவோடு பேசினாய். என்னை 'டி' போட்டுத் திட்டிய வாய் அவளை மேடம் என்றது. முழங்கால் வலியை அவளிடம் சொன்னாய். ரிடையர் ஆன மறுநாள் காலையில் எங்கே போவதென்று தெரியாமல் ஆபீஸ் பஸ் நிற்குமிடம் வரை போய்த் திரும்பியதை அவளிடம் சொன்னாய். என்னிடம் சொன்னதில்லையே. ஒருநாள், "அந்தக் கடைக்காரம்மா முதல்முதல்ல பையைத் தூக்கிண்டு என் வாசல்ல வந்து நின்னா பாருங்க, எனக்கு அவமேல அவ்வளவு பொறாமை. கூச்சமில்லாம எந்தக் கதவையும் தட்டுவா. எனக்கு உக்காந்த இடத்துல குறிப்பு எழுதத்தான் தெரியும்" என்றாய்.

இதைக் கேட்க வேண்டியவள் நான். கேட்டவள் அவள். சொந்தமாக நானே உருவாக்கிவிட்ட ஒருத்திமேல் எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் சொல்லி ஆறுவது? நீ போனை வைத்ததும் எத்தனை தடவை அந்த சிம்மை உடைத்துப் போடக் கிளம்பினேன் தெரியுமா? உடைத்தால் நீ கூப்பிட மாட்டாய். செல்வியாக வந்து நின்றால் முதலில் பதிலை எழுது என்பாய். அதனால் அவளை உயிரோடு வைத்திருந்தேன்.

ஒரே ஒரு தடவை தவறினேன். "பயாப்ஸி எடுக்கணும்னு சொல்லியிருக்கா, கல்பனா மேடம்" என்று நீ சாதாரணமாகச் சொன்னபோது, "ஏளா!" என்று கத்திவிட்டேன். பிறகு நீ மெதுவாக, "சொல்லுங்க மேடம்" என்றாய். "டாக்டர் நல்லவரா?" என்று செய்தி வாசித்தேன். அந்த ஒரு நிமிஷத்தில் உடைத்துப் பேசியிருக்கலாம். நீ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாய். எந்தக் கதவையும் தட்டுகிற நான் அன்று உள்ளே வரவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் செல்வியாகவே வந்தேன். உன் அறை வாசலில் ஃபோரத்துப் பெண்கள். ஒவ்வொருத்தி கையிலும் டிபன் கேரியர். உனக்கு ரசம் யார் கொண்டுவருவது என்று அவர்களுக்குள் முறை போட்டு வைத்திருந்தார்கள். என்னைவிட உன்னை அதிகமாகத் தெரிந்தவர்கள் மாதிரி என்ன பேச்சு, என்ன உரிமை! கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அன்று மதியம் கல்பனாவுக்குப் போன் வந்தது. குரல் நைந்து போயிருந்தது.

"இன்னைக்கு ஒருத்தி வாசல் வரைக்கும் வந்துட்டுப் போயிட்டா மேடம். அவளுக்கு எப்பவும் கடையில வேலை. அந்தக் காலி இடத்தை நான் மூடலை. அவ பதில் வந்தா யாராவது போட்டுடணும்."

அதுதான் கடைசி.

காரியமெல்லாம் முடிந்து, ஒரு வாரம் கழித்து அந்தப் போன் அடித்தது. எடுத்த எடுப்பில் நீதான் என்று நினைத்தேன். என் புத்தியைப் பார். உன் மகள்.

"ஹலோ, கல்பனா ஆன்ட்டியா? அம்மா ஒரு நோட் எழுதி வெச்சிருக்காங்க. ஃபோரத்தை இனிமே நீங்கதான் பாத்துக்கணுமாம். அட்மின் உங்களுக்கு மாத்திட்டேன்."

கல்பனாவுக்கு. அப்போதும் கல்பனாவுக்குத்தான். நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "செல்வி என்று ஒரு சிநேகிதி உண்டே? அவர்களுக்கு ஏதாவது?"

"செல்வி ஆன்ட்டிக்கா? இல்லையே. அவங்களுக்கு ஒண்ணும் எழுதலை."

மறுநாள் மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உன் ஃபோரத்தைத் திறந்தேன். இத்தனை மாதம் நான் கெஞ்சியும் மிரட்டியும் கிடைக்காத சிவப்புப் பொத்தான் ஸ்ருதியின் புகாருக்குப் பக்கத்தில் இருந்தது. உன்மேல் இருந்த மரியாதையால் விரலை எடுத்துவிட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். நான் அழுத்தினேன். திரையில் ஒரு கேள்வி வந்தது: 'எழுதியவரிடம் பேசினீர்களா?' கீழே ஆம், இல்லை. உன் மகளை வைத்து நீ செய்த வேலைதானே இது? 'ஆம்' என்று பொய் சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அந்தக் கேள்வியை உன் குரலில் படித்துத் தொலைத்துவிட்டேன். சரி, பேசித்தான் பார்ப்போம், பேச்சில் மடக்க முடியாத ஆளா என்று ஸ்ருதியைக் கூப்பிட்டேன்.

"ஃபோரத்துலேர்ந்தா? அந்த ஆன்ட்டி இறந்துட்டாங்கன்னு படிச்சேன். ரொம்ப சாரி. மாசாமாசம் கூப்பிடுவாங்க ஆன்ட்டி. நான் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போறேன்னு பேப்பர்கூட ரெடி பண்ணிட்டேன். 'கடைக்காரங்க கண்டிப்பா பதில் எழுதுவா, கொஞ்சம் டைம் குடும்மா'ன்னு அவங்கதான் நிறுத்தினாங்க. இப்போ பதில் வந்துடுச்சா?"

நான் உனக்கு வக்கீல் கடிதம் அனுப்பிய அதே நாட்களில் நீ எனக்காக இவளிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறாய். மாதாமாதம். கோபத்தில் அழுகை வந்தது. அதற்குள்ளும் ஒரு மூலையில், இவளோடுமா இத்தனை பேச்சு என்று எரிந்தது. என்ன ஜென்மமோ நான்.

"வரும். இன்னைக்கே வரும்மா" என்றேன். செய்தி வாசிக்கவில்லை. என் சொந்தக் குரல்.

எழுதினேன். 'தாள் தமிழில் மட்டும் இருந்தது. உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்று யோசிக்காதது என் தப்பு. கல்லை மாற்றித் தருகிறேன், மாமியாரின் பல் வைத்தியம் என் பொறுப்பு. செல்வி.' போட்டதும் அந்த வரி மறைந்தது. ஸ்ருதி புகாரை நீக்கவில்லை. 'தாங்க்ஸ் ஆன்ட்டி. பட் அத்தை இன்னும் கோவமா இருக்காங்க' என்று கீழே போட்டாள். இருக்கட்டும். இப்போது பெட்டிக்குள் தமிழ், தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ் நாலிலும் தாள், படத்தோடு. என் வெப்சைட்டில் இருந்த ஃபோரத்தை மூடிவிட்டேன். காலை வணக்கம் சொன்னவர்களை உன் ஃபோரத்துக்கு அனுப்பிவைத்தேன்.

உன் மகளிடமும் உண்மையைச் சொன்னேன். "தெரியும் ஆன்ட்டி. அன்னைக்கு பேசறப்ப பின்னாடி கிரைண்டர் ஓடிட்டு இருந்துச்சு" என்றாள். அட்மினை என் பெயருக்கு மாற்றினாள். கேட்டு வாங்கியதுதான். நீயாகக் கொடுத்தது அந்தக் கல்பனாவுக்கு. இந்தக் கணக்கில் நான் உன்னை இன்னும் மன்னிக்கவில்லை.

கடைசியாக ஒரு வேலை மீதி இருந்தது. சொந்தப் பெயரில் இல்லாதவர்களை நீக்க வேண்டும், அது உன் விதி. நீக்குமுன் கூப்பிட வேண்டும், அதுவும் உன் விதி. முந்தாநாள் என் போனிலிருந்து கல்பனாவைக் கூப்பிட்டேன். கல்லாவுக்குப் பக்கத்தில் அது அடித்து ஓய்ந்தது. நேற்றும் கூப்பிட்டேன். இன்றும் கூப்பிட்டேன். தவிடு ஓட்டிக்கொண்டிருந்த யாதகிரி கிரைண்டரை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"அக்கா, ஆ போன் மோகுதுந்தி."

"தெரியும் யாதகிரி. அடிக்கட்டும்."

அடித்தது. நீ அழைத்த நேரம், நீ அழைத்த அதே மணிச் சத்தம். கையை நீட்டி எடுத்துவிடலாம். எடுத்தால் அவளை நீக்க வேண்டும். எடுக்கவில்லை.

போனைச் சார்ஜில் போட்டேன், தினமும் போடுகிறேன். பிறகு உன் வழக்கப்படி குறிப்பு எழுதினேன்:

'மூன்று நாள் அழைத்தேன். பதில் வரவில்லை. இருக்கட்டும். செல்வி.'